செல் பதினேழு

கிளைபேதா துறைமுகம்,
ஏழாம் எண் குளிர்கிடங்கு.
மைனஸ் இருபத்திரண்டில்
நின்றுவிட்டது ஃபோர்க்லிஃப்ட்,
ஒன்றரை டன் ஹெர்ரிங் மீனைத்
தலைக்குமேல் தூக்கிய கையோடு.

ஓட்டுநர் ஜிட்ரூனாஸ் இறங்கி நடந்தே வெளியே வந்தான்.
மீசையில் உறைபனி.
"காலையில்தான் முழுசாக ஏற்றினேன்" என்றான்,
போட்ட பணத்தை வங்கி மறுத்ததுபோல.

வண்டியைச் சார்ஜ் அறைக்கு இழுத்துவந்து
என்னைக் கூப்பிட்டார்கள்.
நான் நியோலே.
இந்தத் துறைமுகத்துப் பேட்டரிகளிடம்
மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்பவள்.

ரப்பர் ஏப்ரன். கையுறை. கண்ணாடி.
கழற்ற மோதிரம் இல்லை இப்போது.
(ஒருமுறை கழற்ற மறந்தேன்.
இரண்டு முனைகளுக்கு நடுவே
தங்கம் கண் சிமிட்டும் நேரத்தில் சிவந்தது.
திருமணம் அதற்குப் பிறகுதான் முறிந்தது.
தழும்பு மட்டும் விரலைச் சுற்றி
விசுவாசமாக இருக்கிறது.)
மேலே மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்தேன்.
ஹைட்ரஜனுக்கு வாசனை இல்லை.
அதுதான் அதனிடம் எனக்குப் பிடிக்காதது.

முதலில் குறிப்பேடு.
1280. 1280. 1280.
ஒவ்வொரு செல்லுக்கும்,
ஒவ்வொரு வாரத்துக்கும்,
பதினொரு வாரம்.
அழகான கையெழுத்து.
எட்டின் இடுப்பில்கூட நடுக்கமில்லை.

ஒரு கையின் ஐந்து விரலே ஒன்றுபோல் இல்லை,
இருபத்துநான்கு செல் இருக்குமா?

குமிழை அழுத்தி விட்டேன்.
கண்ணாடிக் குழலில் ஆசிட் ஏற ஏற
மிதவை தள்ளாடி எழுந்தது.
1265. 1270. 1258.
பன்னிரண்டில் தண்ணீர் வற்றித்
தகடுகளின் விளிம்பு வெளுத்திருந்தது.
பதினேழில்
மிதவை எழவே இல்லை.
அடியில் உட்கார்ந்துகொண்டது,
வேலைநிறுத்தக்காரனைப் போல.

கையெழுத்துக்கு உரியவர் அல்வீதாஸ்.
இரவுப் பணி, ஐம்பத்தொன்பது வயது.
அவருக்கென்று இரண்டு வாக்கியம்
நாக்கில் தயாராக வைத்திருந்தேன்.
"மூன்றாம் செல்லைப் பாருங்கள்" என்றேன் அதற்கு முன்.

உறிஞ்சினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.
குழலை முகத்தருகே கொண்டுவந்தார்,
பிறகு கை நீளத்துக்குத் தள்ளினார்,
மறுபடி அருகே.
"எண்பது."
ஐம்பத்தெட்டு.

படிக்கிற கண்ணாடி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.
அதற்குமேல் ஆசிட் கண்ணாடி உட்காராது.
இரண்டில் ஒன்றைத்தான் போடலாம்.
விதிப்பலகை எதைச் சொன்னதோ
அதைப் போட்டிருந்தார்.

"ஏன் சொல்லவில்லை?"
"சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.
இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
பொய் பொய்தான், அதில் சந்தேகமில்லை.
பன்னிரண்டாம் செல்லின் வெளுத்த தகடுகளை
எந்தக் காரணமும் கறுப்பாக்காது.
தூக்கிய மீனோடு வண்டி
இருட்டில் நின்றபோது கீழே ஒருவன் இருந்திருந்தால்?
இதைச் சொன்னேன்.
அவர் தலையாட்டினார்.
மற்ற இரண்டு வாக்கியங்களையும்
சொல்லவில்லை.

பிறகு வேலை.
அவர் எண் சொல்லவில்லை, நான் சொன்னேன்;
அவர் தண்ணீர் ஊற்றினார், நான் நிறுத்தச் சொல்லவேண்டியிருக்கவில்லை.
மேல்மூடியில் காய்ந்துகிடந்த பழைய ஆசிட்மேல்
சோடா உப்பைத் தூவினோம்.
நுரைத்து அடங்கியது.

பதினேழை அறுத்தெடுக்க
வியாழனன்று ஆள் வருவான்.
அதுவரை வண்டிக்கு ஓய்வு,
ஜிட்ரூனாஸுக்குக் கைவண்டி.

குறிப்பேட்டில் 1280களுக்குக் கீழே
ஒன்றோடொன்று ஒத்துப்போகாத எண்களை எழுதினேன்,
கொஞ்சம் பெரிதாகவே.

அப்புறம் அலுவலகப் படிவம்.
பொருள்: பவர் போட்ட பாதுகாப்புக் கண்ணாடி, ஒன்று.
'காரணம்' என்ற கட்டத்தில்
கட்டைவிரல் அகலம்தான் இடம்.
'செல் 17' என்று எழுதினேன்.

அது என்னவென்று மேலாளர் கேட்டால்
கீழே இறங்கிவந்து
பார்க்கட்டும்.